உடுப்பியில் கைமாறும் சட்டுவம்

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி 18 விடிகாலையில், உடுப்பி கிருஷ்ண மடத்தில் ஒரு துறவி இன்னொரு துறவியிடம் மூன்று பொருள்களை ஒப்படைக்கிறார்: அட்சய பாத்திரம், ஒரு கரண்டி, கருவறைச் சாவி. கரண்டியை அங்கே 'சட்டுக' என்பார்கள். பழைய தமிழில் நாம் சட்டுவம் என்று சொன்னோமே, அதன் உறவுச் சொல்தான். பாத்திரமும் சட்டுவமும் துவைத சித்தாந்தத்தை நிறுவிய மத்வாச்சாரியார் தம் சீடர்களுக்குக் கொடுத்தவை என்பது மடத்தின் நம்பிக்கை. அவற்றை வாங்கிக்கொண்டவர்தான் அடுத்த இரண்டு ஆண்டுக்குக் கிருஷ்ணனுக்குப் பூஜை செய்ய வேண்டும், வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். இந்த முறைமாற்றத்துக்குப் பெயர் பர்யாயம்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பலர் உடுப்பியைக் கோயில் என்று எண்ணியே போகிறார்கள். உயர்ந்த ராஜகோபுரத்தையும் நீண்ட பிராகாரத்தையும் கண் தேடுகிறது. மூலவருக்கு நேரே நின்று கற்பூர ஆரத்தி பார்க்கலாம், அர்ச்சனைத் தட்டு வாங்கிப் பெயர் நட்சத்திரம் சொல்லலாம் என்று நினைக்கிறார்கள். இவை இல்லாதபோது ஏமாற்றம். கோயிலுக்குரிய கண்ணோடு பார்த்தால் உடுப்பி பிடிபடாது. அது துறவிகள் வாழ்கிற மடம். அவர்கள் வழிபடும் மூர்த்தியை நாமும் போய்ச் சேவிக்கிறோம். சன்னல் வழியாக ஏன் பார்க்க வேண்டும், ஏகாதசியன்று ஏன் சாப்பாடு கிடையாது, கிருஷ்ண ஜயந்தி ஏன் சில ஆண்டுகளில் ஒரு மாதம் தள்ளிப் போகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் மடத்தின் ஒழுங்கில்தான் இருக்கிறது.

மத்வர் பிறந்த ஊர் பாஜக. உடுப்பியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். இளமைப் பெயர் வாசுதேவன். அச்யுதப்ரேக்ஷர் என்ற குருவிடம் சிறுவயதிலேயே துறவு பெற்றுப் பூர்ணப்ரக்ஞர் என்றும், பின்னர் ஆனந்த தீர்த்தர் என்றும் பெயர் கொண்டார். அவருடைய காலத்தை 1199 முதல் 1278 வரை என்றும் 1238 முதல் 1317 வரை என்றும் இரண்டு விதமாகக் குறிப்பார்கள். ஆந்திராவின் ஸ்ரீகூர்மத்தில் அவருடைய நேர்ச்சீடர் நரஹரி தீர்த்தரின் 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அதை வைத்து ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரண்டாவது கணக்கையே ஏற்கிறார்கள்.

கிருஷ்ணன் உடுப்பிக்கு வந்த கதை கடலோடு தொடர்புடையது. துவாரகைப் பக்கத்திலிருந்து வந்த கப்பல் ஒன்று மால்பே கடற்கரைக்கு அருகே புயலில் சிக்கியது. கரையில் இருந்த மத்வர் தம் மேலாடையை வீசிக் காட்ட, கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தது. என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார் கப்பல் தலைவர். சரக்கோடு சரக்காகப் பாரத்துக்காக ஏற்றியிருந்த, நெற்றிக்கிடும் மண்ணான கோபிசந்தனக் கட்டிகளைக் கேட்டு வாங்கினார் மத்வர். ஒரு கட்டிக்குள் பலராமர் இருந்தார். அவரை அந்தக் கடற்கரையிலேயே வடபாண்டேஸ்வரத்தில் நிறுவினார். இன்னொன்றைச் சுமந்து வந்து உடுப்பிக் குளத்தில் கழுவியபோது வெளிப்பட்டவர்தான் கிருஷ்ணன். வலக்கையில் மத்து, இடக்கையில் கயிறு. வெண்ணெய் கடையும் யசோதையிடம் மத்தைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளை. ஒரு மகர சங்கராந்தி நாளில் பிரதிஷ்டை நடந்தது என்பார்கள். அதனால்தான் உடுப்பியில் சங்கராந்தி பெரிய திருவிழா. ஜனவரி 9 தொடங்கி நடக்கும் உற்சவத்தில், 14-ஆம் தேதி இரவு ரத வீதியில் மூன்று தேர்கள் ஓடும்.

இந்த மூர்த்தியைப் பூஜிக்க மத்வர் எட்டுச் சீடர்களுக்குத் துறவு கொடுத்தார். அந்த எட்டுப் பேரின் வழிதான் அஷ்ட மடங்கள். பர்யாய வரிசைப்படி சொன்னால் பலிமாரு, அதமாரு, கிருஷ்ணாபுர, புத்திகெ, சீரூர், சோதே, காணியூர், பேஜாவர். முதல் பீடாதிபதிகள் அதே வரிசையில் ஹ்ருஷீகேச தீர்த்தர், நரசிம்ம தீர்த்தர், ஜனார்தன தீர்த்தர், உபேந்திர தீர்த்தர், வாமன தீர்த்தர், விஷ்ணு தீர்த்தர், ராம தீர்த்தர், அதோக்ஷஜ தீர்த்தர். இவர்களில் விஷ்ணு தீர்த்தர் மத்வரின் உடன்பிறந்த தம்பி. மடங்களின் பெயர்கள் அவற்றின் மூல மடம் இருக்கும் ஊர்களின் பெயர்கள். உடுப்பியில் ரத வீதியைச் சுற்றி ஒவ்வொரு மடத்துக்கும் ஒரு கட்டடம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பட்டத் தெய்வமும் உண்டு. பலிமாருக்கு ராமர், சோதேக்குப் பூவராகர், காணியூருக்கு நரசிம்மர். பர்யாயத்துக்கு வரும் சுவாமி தம் மடத்து மூர்த்திகளையும் கூடவே கொண்டுவந்து, கிருஷ்ணனோடு சேர்த்துப் பூஜிப்பார்.

நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். மந்திராலயம் இந்த எட்டில் சேராது. ராகவேந்திர சுவாமிகளின் மடம் பத்மநாப தீர்த்தர் வழியாக வந்த வேறு பரம்பரை. மத்வரைப் பின்பற்றும் தமிழ்நாட்டு மாத்வர்களில் பலர் அந்த வழியைச் சேர்ந்த மடங்களைத்தான் குருபீடமாகக் கொண்டிருக்கிறார்கள். உடுப்பிக் கிருஷ்ணன் எல்லா மாத்வர்களுக்கும் பொது. அவனைத் தொட்டுப் பூஜிக்கும் உரிமையோ இந்த எட்டு மடங்களின் துறவிகளுக்கு மட்டும்.

எட்டு மடங்களும் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டிருக்கின்றன. இதற்கு துவந்துவ மடம் என்று பெயர். பலிமாருவும் அதமாருவும் ஓர் இணை. கிருஷ்ணாபுரமும் புத்திகெயும் ஓர் இணை. அப்படியே சீரூரும் சோதேயும், காணியூரும் பேஜாவரும். பார்க்கச் சாதாரண ஏற்பாடாகத் தோன்றும். பரம்பரை அறுந்துபோகாமல் காப்பாற்றுவது இதுதான். ஒரு மடாதிபதி வாரிசை நியமிக்காமல் மறைந்தால், அடுத்தவரைத் தேர்ந்தெடுத்துத் துறவு கொடுக்கும் கடமை இணை மடத்தின் சுவாமியுடையது. சமீபத்தில் இது கண்முன்னே நடந்தது. 2018-இல் சீரூர் மடாதிபதி வாரிசு இல்லாமல் மறைந்தார். இணையான சோதே மடத்தின் சுவாமி 2021-இல் 16 வயதுச் சிறுவருக்குத் துறவு கொடுத்துப் பீடத்தில் அமர்த்தினார். சிறுவயதில் துறவு கொடுக்கலாமா என்று வழக்கும் போடப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மனுவைத் தள்ளுபடி செய்தது. அஷ்ட மடங்களில் பிரம்மசரியத்திலிருந்து நேரே துறவுக்குப் போக வேண்டும் என்பது விதி. அதனால் பெரும்பாலும் இளம்வயதில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வயதில் ஒரு பிள்ளையின் சம்மதத்துக்கு எவ்வளவு பொருள் உண்டு என்ற கேள்வி நியாயமானது. மரபை மதிக்கிறவர்களும் அதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆதியில் பர்யாயம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறியது. எட்டு மடமும் சுற்றிவர 16 மாதம். ஒருவருக்கு இரண்டு மாதப் பூஜை, 14 மாத இடைவெளி. வடக்கே காசி, பத்ரி என்று யாத்திரை போய்ச் சித்தாந்தத்தைப் பரப்ப வேண்டிய துறவிக்கு, கால்நடையும் பல்லக்குமாகப் பயணம் செய்த காலத்தில், இந்த 14 மாதம் போதவே போதாது. சோதே மடத்தின் வாதிராஜ தீர்த்தர்தான் இதை இரண்டு ஆண்டாக மாற்றினார். ஆண்டு 1522. முதல் முறை பலிமாரு மடத்துக்கு. சுற்று 16 ஆண்டாயிற்று, நடுவில் கிடைக்கும் காலம் 14 ஆண்டு. யாத்திரைக்கும் பாடம் சொல்வதற்கும் நூல் எழுதுவதற்கும் அது தாராளம். ஒரே ஒரு மாற்றத்தில் எட்டு மடங்களின் வாழ்க்கை முறையையே வாதிராஜர் திருத்தி அமைத்துவிட்டார். உடுப்பி வரலாற்றில் மத்வருக்கு அடுத்தபடியாக அவர் பெயரைச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 1522-லிருந்து 2018 வரை 496 ஆண்டு. 16-ஆல் வகுத்தால் 31 சுற்று, மீதம் இல்லை. 2018-இல் பலிமாரு மடம் 32-ஆவது சுற்றைத் தொடங்கியது. 2020 அதமாரு, 2022 கிருஷ்ணாபுர, 2024 புத்திகெ, 2026 சீரூர் மடத்தின் முறை, 2028 சோதே. இந்தக் கணக்கின்படி ஒரு துறவிக்கு வாழ்நாளில் மூன்று பர்யாயம் கிடைத்தாலே பெரிது. பேஜாவர் மடத்தின் விஸ்வேச தீர்த்தர் 1952, 1968, 1984, 2000, 2016 என ஐந்து முறை பர்யாயம் நடத்தினார். 1938-இல் ஏழு வயதில் துறவு பெற்றவர் அவர். 2019 டிசம்பரில் மறைந்தார்.

ஜனவரி 18 ஊர்வலம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே வேலை தொடங்கிவிடுவது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. தினமும் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடும் பொறுப்பு வருகிறதென்றால் பண்டம் சேர்க்க வேண்டுமே! அந்தச் சேகரிப்பையே நான்கு முகூர்த்தங்களாக ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

முதலில் பாளெ முகூர்த்தம். பாளெ என்றால் வாழை. நல்ல நாள் பார்த்து மடத்துத் தோட்டத்தில் வாழைக் கன்றுகளையும் துளசியையும் நடுவார்கள். வாழை நட்டுக் குலை தள்ள ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். பர்யாயம் தொடங்கும்போது இலையும் பழமும் கையில் இருக்க வேண்டுமென்றால் ஓராண்டு முன்பே நட்டாக வேண்டும். அடுத்தது அக்கி முகூர்த்தம், அரிசி சேர்க்கத் தொடங்கும் நாள். மூன்றாவது கட்டிகெ முகூர்த்தம். கட்டிகெ என்றால் விறகு. மடத்துக் குளமான மத்வ ஸரோவரத்துக்கு அருகே விறகைத் தேர் வடிவில் அடுக்குவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையான தேர் என்றே தோன்றும். மேலே கலசம்கூட இருக்கும். கடற்கரை மாவட்டத்தில் மழைக்காலம் ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. ஈர விறகு புகையும், எரியாது. அதை முன்கூட்டிச் சேர்த்து, காற்றோட்டம் இருக்கும்படி அடுக்கி, உலர வைப்பது பெரிய சமையல்கட்டுக்கு உயிர்நாடி. நான்காவது பத்த முகூர்த்தம், அதாவது நெல் முகூர்த்தம். பர்யாயம் நெருங்கி வருகையில் நடக்கும்.

இவை போக, பர்யாயத்துக்கு முந்தைய நாள்களில் சுற்றுவட்டார ஊர்கள் 'ஹொரெகாணிகெ' கொண்டுவரும். ஹொரெ என்றால் சுமை. அரிசி, தேங்காய், வெல்லம், பூசணி, வெள்ளரி என்று விளைந்ததை வண்டிகளில் ஏற்றி ஊர்வலமாக வந்து சேர்ப்பார்கள். மட்டு கிராமத்தின் கத்தரிக்காய்க்கு இதில் தனி இடம் உண்டு. 'மட்டு குள்ள' என்ற இந்த வெளிர்பச்சை உருண்டைக் கத்தரியின் விதையை வாதிராஜர்தான் அந்த ஊருக்குக் கொடுத்தார் என்பார்கள். 2011-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் தோல் மெல்லியது, கசப்புக் கிடையாது, குழம்பில் சீக்கிரம் வெந்துவிடும். நீளக் கத்தரிக்குப் பழகிய நம் சமையல்காரர்கள் அதை வெகுநேரம் கொதிக்கவிட்டுக் கரைத்துவிடுகிறார்கள். பருப்பும் மசாலும் கொதித்த பிறகு போட்டால் துண்டு துண்டாக நிற்கும்.

பர்யாயத்துக்கு வரும் சுவாமி அதற்கு முன் தீர்த்த யாத்திரை போய்த் திரும்பி, முறைப்படி நகரப் பிரவேசம் செய்வார். ஜனவரி 17 இரவு உடுப்பி தூங்காது. நள்ளிரவு தாண்டியதும் சுவாமி தெற்கே காபுவுக்கு அருகிலுள்ள தண்ட தீர்த்தத்தில் நீராடப் போவார். மத்வர் தம் குருவுக்குக் காணிக்கையாகக் கைத்தடியால் கீறி உண்டாக்கிய குளம் என்பது தலவரலாறு. அங்கிருந்து உடுப்பியின் ஜோடுகட்டெக்கு வந்தால் மற்ற மடாதிபதிகள் காத்திருப்பார்கள். பல்லக்குகள், வாத்தியம், கொம்பு, அலங்கார வண்டிகள் எல்லாம் சேர்ந்து ரத வீதியை நோக்கி நகரும். ரத வீதியில் இறங்கியதும் சுவாமி முதலில் வெளியே நின்று, வெளிச்சுவரிலுள்ள கனகன கிண்டி என்ற சிறு சாளரத்தின் வழியாகக் கிருஷ்ணனைப் பார்ப்பார். பிறகு சந்திரமௌலீஸ்வரரையும் அனந்தேஸ்வரரையும் வணங்குவார். அதன்பின்தான் மடத்துக்குள் நுழைவார். முறை முடித்த சுவாமி வாசலில் எதிர்கொண்டு கைபிடித்து அழைத்துப்போய், சட்டுவமும் பாத்திரமும் சாவியும் கொடுத்து, சர்வக்ஞ பீடத்தில் அமர்த்துவார். பின்னர் ராஜாங்கணத்தில் தர்பார். அன்று மூலவர் தரிசனம் முதன்மை என்று போகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்துகொள்வது நல்லது. 18-ஆம் தேதிக் கூட்டத்தில் ஊர்வலம் பார்க்கலாம், நிதானமான தரிசனம் கிடைக்காது. நகருக்குள் வண்டியும் விடமாட்டார்கள்.

மரபில் சச்சரவும் உண்டு. கடல் கடந்து வெளிநாடு போன துறவி மூலவரைத் தொடலாமா என்ற வாதம் 2008 புத்திகெ பர்யாயத்தின்போது பெரிதாக எழுந்தது. அமெரிக்கா போன்ற நாடுகளில் கிருஷ்ணன் கோயில்களை நிறுவியவர் அந்த மடத்தின் சுவாமி. மற்ற மடங்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோதும் அவர் பர்யாயம் ஏறினார். 2024-இலும் ஏறினார். வாதிராஜர் 14 ஆண்டு இடைவெளி உண்டாக்கியதே தூரப் பயணத்துக்காகத்தான் என்று பார்த்தால், பயணமே தடையாகக் கருதப்படுவதை நினைக்க வருத்தமாக இருக்கிறது.

இனி தரிசனம். ரத வீதியில் மூன்று சந்நிதிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முறைப்படி முதலில் சந்திரமௌலீஸ்வரர், அடுத்து அனந்தேஸ்வரர், கடைசியில் கிருஷ்ணன். இரண்டு சிவாலய வடிவக் கோயில்களும் கிருஷ்ண மடத்தைவிடப் பழையவை. உடுப்பி என்ற பெயரையே சந்திரனோடு சேர்த்துச் சொல்வார்கள். உடு என்றால் விண்மீன், உடுபன் அவற்றின் தலைவன். சந்திரன் தவம் செய்த இடம் என்பது சந்திரமௌலீஸ்வரர் கதை. அனந்தேஸ்வரத்தில்தான் மத்வர் பாடம் சொன்னார், அங்கேயே மறைந்தார் என்பது நம்பிக்கை. லிங்க வடிவில் இருப்பவரை விஷ்ணுவாக வணங்குகிறார்கள். அவசரத்தில் நேரே கிருஷ்ணனிடம் ஓடுகிறவர்கள் இந்த அனந்தேஸ்வரத்தைத் தவறவிடுகிறார்கள். உடுப்பியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கிருஷ்ணன் மேற்கு நோக்கி நிற்கிறான். மடத்துக்குள் சென்றால் ஒன்பது துளைகள் கொண்ட, வெள்ளித் தகடு போர்த்திய சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அது நவக்கிரக கிண்டி. தமிழில் கிண்டி என்றால் மூக்கு வைத்த செம்பு. அங்கே அது சிறு சாளரம். அதே நேர்க்கோட்டில், வெளிச்சுவரில் ரத வீதியைப் பார்த்து இருப்பது கனகன கிண்டி. இரண்டும் வேறு வேறு. வெளியே கனகன கிண்டியில் பார்த்துவிட்டு, அவ்வளவுதான் என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. உள்ளே போய்க் குனிந்து, ஒரு துளையில் கண் வைத்து, விளக்கொளிக்குக் கண் பழகும்வரை இரண்டு விநாடியாவது நின்றால்தான் மத்தும் கயிறும் தெரியும். வெயிலிலிருந்து நேரே வந்து எட்டிப் பார்த்தால் அலங்காரத்தின் மினுக்கம் மட்டும் தெரிந்து, வரிசை நகர்ந்துவிடும். ஆண்கள் சட்டை, பனியன் கழற்றிப் போக வேண்டும். வேட்டியும் மேல்துண்டும் வசதி. கருவறையின் கிழக்கு வாசல் ஆண்டு முழுதும் மூடியே இருக்கும். விஜயதசமியன்று திறந்து, புதுக்கதிரை அதன் வழியே உள்ளே கொண்டுபோவார்கள்.

கனகதாசர் கதை எல்லோரும் அறிந்தது. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, குருபர் சமூகத்தைச் சேர்ந்த பக்தர். உள்ளே விடாததால் வெளியே நின்று உருகிப் பாடினார். சுவர் பிளந்தது, கிழக்கே பார்த்திருந்த கிருஷ்ணன் மேற்கே திரும்பி அவருக்குக் காட்சி கொடுத்தான். மூர்த்தி தொடக்கத்திலிருந்தே மேற்கு நோக்கியதுதான் என்று வாதிடும் மாத்வ அறிஞர்களும் இருக்கிறார்கள். எது எப்படியாயினும், இந்தக் கதையைப் பக்தியின் வெற்றி என்று மட்டும் சொல்லி முடிப்பது சரியல்ல. சுவர்தான் விலகியது, கதவு திறக்கவில்லை. இறைவனே திரும்பி நின்ற பிறகும் கனகர் வெளியேதான் இருந்தார். பீடாதிபதிகளே முதலில் அந்தச் சாளரத்தின் முன் நின்று வணங்கிவிட்டு உள்ளே போகும் வழக்கம் அதனால்தான் மனத்தைத் தொடுகிறது. மடத்தில் பிராமணர்களுக்குத் தனிப் பந்தி போடுவதற்கு எதிராகக் குரல்கள் எழுந்ததும் அந்தச் சாளரத்தின் நினைவோடுதான்.

தினமும் 14 பூஜைகள் நடக்கின்றன. விடியலுக்கு முன்பே நிர்மால்ய விசர்ஜனத்தோடு தொடங்கி, உஷக்கால பூஜை, கோபூஜை, பஞ்சாமிர்த அபிஷேகம், அலங்காரம் என்று போய், முற்பகலில் மகாபூஜையோடு பகல் வரிசை முடியும். மாலையில் சாமர சேவை, இரவுப் பூஜை, மண்டப பூஜை, கடைசியில் ஏகாந்த சேவை. மகாபூஜை பர்யாய சுவாமியின் கையால்தான். அது முடியும்வரை அவர் உண்பதில்லை, அதன்பின் ஒருவேளைதான் உணவு. இரண்டு ஆண்டும் உடுப்பியைவிட்டு வெளியே போவதில்லை என்பது மரபு. காய்ச்சல், தலைவலி என்று விடுப்பு எடுக்க முடியாத வேலை அது.

மகாபூஜை ஆனதும் சாப்பாடு. தெற்கே பக்தர்கள் உடுப்பிக் கிருஷ்ணனை அன்னபிரம்மம் என்று சொல்வார்கள். வெங்காயம், பூண்டு கிடையாது. சோறு, சாறு, கறி, பாயசம், மோர் என்று எளிமையான உணவு. கடலைப்பருப்பு, வெல்லம், தேங்காய் சேர்த்துக் கிளறும் ஹயக்ரீவ மட்டி வாதிராஜரின் பெயரோடு சேர்ந்தது. அவர் அதைத் தட்டில் வைத்துத் தலைமேல் ஏந்த, ஹயக்ரீவர் வெள்ளைக் குதிரையாக வந்து உண்டார் என்பார்கள். அதைச் செய்கையில் பருப்பு விரலில் நசுங்கும் பதத்துக்கு வெந்த பிறகே வெல்லம் போட வேண்டும். முன்னாலேயே வெல்லம் சேர்த்தால் பருப்பு மேற்கொண்டு வேகாமல் விறைத்து நிற்கும். குழைய வேகவிட்டாலோ போளிப் பூரணம்தான் கிடைக்கும்.

சாதுர்மாஸ்ய நான்கு மாதமும் சமையல்கட்டின் முகமே மாறிவிடும். ஆஷாட சுக்ல ஏகாதசிக்கு மறுநாள் தொடங்கி முதல் மாதம் சாக விரதம், காய்கறியும் கீரையும் கிடையாது. மிளகாய், புளி, கடுகு, கறிவேப்பிலையும் விலக்கு. அவற்றுக்குப் பதிலாக மிளகு, சீரகம், உலர்ந்த மாங்காய், தேங்காய், பாசிப்பருப்பு, உளுந்து. இரண்டாம் மாதம் தயிர் கிடையாது. மூன்றாம் மாதம் பால் கிடையாது. நான்காம் மாதம் இரண்டாகப் பிளக்கும் பருப்பு வகைகள் கிடையாது. ஆடி, ஆவணியில் போனவர்கள் 'உடுப்பிச் சாப்பாட்டில் காயே இல்லை' என்று குறைப்பட்டுக்கொள்வதன் காரணம் இதுதான். ஏகாதசியன்று மடத்தில் சாப்பாடே இருக்காது. பஞ்சாங்கம் பார்த்து, முடிந்தால் துவாதசியன்று போய்ச் சேருங்கள். அன்று காலையிலேயே பாரணைச் சாப்பாடு.

ஆஷாட சுக்ல ஏகாதசியன்று மட்டும் வரிசை வேறு காரணத்துக்காக நீளும். சுதர்சன ஹோமத் தீயில் காய்ச்சிய சங்கு சக்கர முத்திரைகளைச் சுவாமி பக்தர்களின் உடலில் வைப்பார். தப்த முத்திரை. நம் ஊர் ஸ்ரீவைஷ்ணவர்கள் சமாச்ரயணத்தின்போது வாழ்நாளில் ஒருமுறை பெறுவதை, மாத்வர்கள் ஆண்டுதோறும் பெறுகிறார்கள். நொடிநேரத் தொடுதல்தான், குழந்தைகளும் வாங்கிக்கொள்கிறார்கள். தோல் சிறிது சிவந்து சில நாளில் ஆறிவிடும்.

கிருஷ்ண ஜயந்திக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு நாள்காட்டியில் சிவப்பு எழுத்தைப் பார்த்து டிக்கெட் எடுப்பது. உடுப்பி சௌரமானக் கணக்கைப் பின்பற்றுகிறது. சூரியன் சிம்மத்தில் இருக்கும்போது, அதாவது நம் ஆவணியில், வரும் தேய்பிறை அஷ்டமிதான் கணக்கு. துளு மக்களுக்கு அது சோண மாதம். 2025-இல் அஷ்டமி ஆகஸ்ட் 16 அன்று வந்தது. ஆவணி பிறந்ததோ ஆகஸ்ட் 17. ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் அந்த அஷ்டமி ஆடியில் விழுந்துவிட்டது. அதனால் உடுப்பியில் ஜயந்தி செப்டம்பர் 14-க்குப் போனது. ஆகஸ்டில் போய் இறங்கியவர்கள் திருவிழா எங்கே என்று தேடியிருப்பார்கள். ஆவணி அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான் என்பதால் தமிழ்ப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டாலே இந்தக் கணக்கை நாமே போட்டுவிடலாம்.

ஜயந்தியன்று முழு உபவாசம். நள்ளிரவில் சந்திரோதயத்தின்போது கிருஷ்ணனுக்கும் சந்திரனுக்கும் அர்க்கியம். மறுநாள் விட்டல பிண்டி. ரத வீதியில் நட்டிருக்கும் மரச் சட்டங்களில் தயிரும் வண்ண நீரும் நிரப்பிய பானைகள் தொங்கும். கோபாலர் வேடத்தில் வருகிறவர்கள் நீண்ட கோலால் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே போவார்கள். மண்ணால் செய்த கிருஷ்ணன் பொன் தேரில் வருவான், கடைசியில் மத்வ ஸரோவரத்தில் கரைக்கப்படுவான். ஆயிரக்கணக்கில் பிடித்து வைத்த லட்டும் சக்குலியும் அன்று வழங்கப்படும். தெருவெங்கும் புலிவேடம். உடல் முழுதும் வண்ணம் பூசி, தாசெ மேளத்துக்கு ஆடும் அந்த ஆட்டத்துக்காகவே அன்று ஒருமுறை போகலாம். மழைக்கு மட்டும் தயாராகப் போக வேண்டும்.

தேர் பார்க்க விரும்பினால் மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மாதங்களில் உற்சவ மூர்த்தி வெளியே வருவதில்லை. கார்த்திக மாத உத்தான துவாதசியை ஒட்டி லட்ச தீபோற்சவத்தோடு தேரோட்டம் மறுபடி தொடங்கும். ரத வீதியின் நான்கு பக்கமும் அகல் விளக்குகள் எரிய, விளக்குகளுக்கு நடுவே தேர் வரும். கூட்டம் பர்யாய இரவு அளவுக்கு நெரிக்காது.

சென்னையிலிருந்து போகிறவர்கள் ரயிலில் மங்களூரு இறங்கிப் பேருந்து பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் உடுப்பி. கொங்கண் ரயில் பாதையில் உடுப்பி நிலையம் இந்திராளியில் இருக்கிறது, மடத்துக்குச் சில கிலோமீட்டர் ஆட்டோ. காலை தரிசனமும் மதியச் சாப்பாடும் முடித்துப் பிற்பகலில் பாஜக போய்வரலாம். மாலையில் மால்பே கரையிலுள்ள வடபாண்டேஸ்வரத்தில், அதே கப்பலில் வந்து கடலோரமே தங்கிவிட்ட அண்ணன் பலராமரையும் சேவித்துவிட்டு வந்தால், இரவு ஏகாந்த சேவைக்குத் தம்பியிடம் திரும்பிவிடலாம். எட்டரை மணிக்கு முன்னால் மடத்தில் இருப்பது நல்லது.